ஒட்டலக்காவும் குழாய்ச் சத்தமும்

செருப்புக் கடையில் அடிப்பாகம் ஒட்டுகிற வேலை அவளுக்கு. பசை தடவி, காயவிட்டு, இரண்டையும் சேர்த்து அழுத்தி, ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பாள். பிரிந்து வந்தால் ஒரே சொல்தான்: "ஒட்டல." அலமாரி மேலிருந்த டிவியைப் பார்த்தும் அதே சொல்தான். அதனாலேயே தெருவுக்கெல்லாம் அவள் ஒட்டலக்கா. பெற்றவள் வைத்த பெயர் வீட்டோடு நின்றுவிட்டது.

நாடகம் என்றால் அவளுக்கு உயிர். உயிர் என்பதால்தான் அத்தனை திட்டும். தூங்கி எழுந்தவளுக்குக் கண்மை கலைந்திருக்காது. ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கு வாரிய தலை மேலேயே கட்டுப் போட்டிருப்பார்கள். சினிமாவில் அடியாட்கள் டிக்கெட் வாங்க நிற்பதுபோல நின்று, முறை வந்ததும் அடி வாங்கிக்கொண்டு போவார்கள். இதையெல்லாம்கூட அவள் பொறுத்துப்போவாள். ஒன்றை மட்டும் பொறுக்கமாட்டாள்.

"கதவுக்கு வெளிய நின்னு பாதியக் கேட்டுட்டு, வருஷக்கணக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறாளே! தட்டி உள்ள போயி, 'என்னடி சொன்ன'ன்னு கேட்டா என்ன? வாய வாடகைக்கா விட்டிருக்கா?"

குதிகால் தேய்ந்த செருப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் டீச்சர் சிரிப்பாள். "கேட்டுட்டா நாடகம் எப்படிக்கா ஓடும்?"

"ஓட வேணாம் டீச்சர். நடந்தாப் போதும்."

இந்தப் பேச்சையெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண் போனில் படம் பிடித்து நெட்டில் போட ஆரம்பித்தாள். முகம் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் கேட்டார்கள். நாடகம் முடிந்ததோ இல்லையோ, 'ஒட்டலக்கா என்ன சொன்னாங்க?' என்று கீழே எழுதினார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு வீடியோ கேம் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் கல்லாப் பெண்ணின் போனில், பசை காய்ந்த விரலால் குத்திக் குத்தி ஒரு பட்டாளத்துக்காரனை ஓடவிட்டாள். மலை ஏறினான், ஆற்றில் இறங்கினான், நெருப்பில் பாய்ந்தான்.

"இவ்வளவு ஓடறான், பூட்ஸ் அடி தேயவே இல்லையே! யாருடி ஒட்டினது? அந்த ஆளக் கூட்டிட்டு வா, நம்ம கடையில சேத்துக்கலாம்."

அதைக் கேட்டு ஊரே சிரித்தது.

அடுத்ததாக ஒரு சின்ன விளையாட்டைக் கல்லாப் பெண் கொடுத்தாள். யார் செய்தது என்று அவள் சொல்லவில்லை. சுடுவது, ஓடுவது எதுவும் அதில் இல்லை. ஒரு வீடு, அதில் ஒரு சின்னப் பையன், அவ்வளவுதான். பக்கத்து அறையில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். பையனை நடத்திப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம், ஜன்னலைத் திறக்கலாம். ஒட்டலக்கா சாப்பாட்டை மறந்து விளையாடினாள். ஒரு நாள் அம்மா கண் திறக்கவில்லை. பையன் அக்காவைத் தேடிப் போகிறான். குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே குழாய்ச் சத்தம், துணியைக் கல்லில் அறைகிற சத்தம். தட்டினால், "தோ, வரேன்" என்று ஒரு குரல். எத்தனை முறை தட்டினாலும் அந்தக் குரல்தான். அக்கா வரவே இல்லை. பையன் அம்மா பக்கத்தில் போய்த் தனியே உட்கார்ந்துகொள்கிறான். அதோடு முடிந்தது.

போனைத் தள்ளிவைத்தாள்.

"அம்மா செத்துக் கெடக்கறா, மக துணி தொவைக்கறாளாம்! அந்தப் புள்ளயத் தனியா விட்டுட்டு? எந்த வீட்ல நடக்கும் இது? கல்லுகூட அழும். சுத்தமா ஒட்டல."

கல்லாப் பெண்ணின் முகம் வாடியது. "போடவா வேணாமாக்கா?" என்றாள்.

"போடுடி. என்னிக்கு நான் சொன்னத மாத்தியிருக்கேன்?"

போட்டாள். அதற்குப் பிறகு அந்த விளையாட்டைத் திறந்தவர்கள் எல்லாரும் அதன் கீழே 'ஒட்டல' என்று எழுதிவிட்டுப் போனார்கள். விளையாடாதவர்களும் எழுதினார்கள்.

தம்பி போன் செய்தான். அம்மா போனபின் அவள் வளர்த்த தம்பி. கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறான் என்பது வரைதான் அவளுக்குத் தெரியும்.

"அக்கா, அது நான் செஞ்சது."

"எதுடா?"

"அந்த வீடு. நான்தான் கல்லாப் பொண்ணுகிட்டக் கொடுத்தேன். என் பேரச் சொல்லாத, அக்கா என்ன சொல்றாளோ அப்படியே போடுன்னேன். உன் வாயால நெசம் வரணும்னு."

அவள் கையில் பசைத் தூரிகை காய்ந்துகொண்டிருந்தது.

"நான் அழுதேன்டா. நீ பயந்துருவேன்னுதான் குழாயத் தொறந்துவிட்டு அழுதேன். அம்மா படுத்த விரிப்ப வெச்சுக்கிட்டு..."

"எனக்குக் குழாய்ச் சத்தந்தான்க்கா கேட்டுச்சு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"சின்னப் பையன். தட்டினேன். 'தோ, வரேன்'னு சொன்ன. உன் மேல தப்பில்லக்கா. உனக்கு ஒட்டல, சொன்ன." வைத்துவிட்டான்.

அவள் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அன்று அவள் ஒட்டிய செருப்பெல்லாம் வாய் பிளந்தன. கல்லாப் பெண்ணிடம் போனை வாங்கி மறுபடி விளையாடினாள். கதவில் மேலே பெயின்ட் உரிந்த இடம், கீழே தண்ணீர் பட்டு உப்பிய பலகை. அத்தனையும் அவர்கள் வீட்டுக் கதவுதான். எப்படித் தெரியாமல் போனது? அவள் உள்ளே இருந்தவள். அழுத நேரத்தில் அந்தக் கதவு வெளியிலிருந்து எப்படி இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பாதி வேலையை வைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்க அண்ணி. இப்பத்தான் குளிக்கப் போனாரு. உங்க குரல் கேட்டதும் எழுந்து போனாரு" என்றவள், சொன்னது தப்போ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒட்டலக்கா குளியலறை வாசலில் போய் நின்றாள். உள்ளே குழாய் கொட்டுகிறது. தட்டினாள்.

"தோ, வரேன்."

மறுபடி தட்டினாள்.

"தோ, வரேன்க்கா."

இதே தொண்டையை அவள் வளர்த்திருக்கிறாள். சளி பிடித்த குரல் எது, அழுத குரல் எதுவென்று அவளுக்கா தெரியாது? ஆனாலும் குழாய்ச் சத்தம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னப் பையன் இப்படித்தான் நின்றிருப்பான். எவ்வளவு நேரம் நின்றானோ, என்னென்ன நினைத்துக்கொண்டானோ.

தம்பி மனைவி, "உக்காருங்க அண்ணி, வருவாரு" என்றாள்.

"உக்கார வரல." கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "டேய். குழாய மூடு. தண்ணி வீணாப் போகுது."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"மூடிட்டு அழுடா. நான் இங்கதான் நிக்கறேன்."

தண்ணீர் நின்றது. கதவு திறக்கவில்லை.