சரிவு மேட்டுச் சங்கரன்

மருதப்பனுக்கு ரயில்வேயில் போர்ட்டர் வேலை கிடைத்தபோது நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதுவரை கரிசல்காட்டில் ஆடு மேய்த்தவன். சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்கு வந்து காக்கிச் சட்டையை மாட்டியதும் மூட்டை இறக்க, மணி அடிக்க, விளக்குத் துடைக்க எல்லாம் சீக்கிரமே பழகிக்கொண்டான். ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருகிறவரைக்கும் கிடக்கிற வெறும்பொழுதுதான் அவனை வாட்டியது. காட்டுக்காரன் கை சும்மா இருக்குமா? தண்ணீர்த்தொட்டி வழிந்து ஓடுகிற இடத்தில் கோழிக்கொண்டை விதைத்தான், பூத்துக் குலுங்கியது. விளக்கறைச் சுவரோரம் செவ்வந்தி வைத்தான், அதுவும் பூத்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் சண்முகையாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஒருநாள் அவனைக் கூப்பிட்டுத் தண்டவாளத்துக்கு அப்பால் கையைக் காட்டினார்.

"மருதப்பா, அந்த மேடு சும்மாதானே கிடக்கு? அங்கன நம்ம ஊர்ப்பேரைப் பூச்செடியிலேயே எழுதிப்புடு. வண்டியில வாரவன் தலையை வெளிய நீட்டினா முதல்ல அதுதான் தெரியணும்."

பிளாட்பாரத்துக்கு நேர் எதிரே ஆள் உயரத்துக்கு எழும்பி நின்ற சரிவு மேடு அது. மருதப்பன் முதலில் வெள்ளையடித்த கற்களை எழுத்துப்போல அடுக்கிப் பார்த்தான். ஒரு கோடைமழைதான் பெய்தது. கரிசல் மண் இளகிக் கல்லையெல்லாம் விழுங்கிவிட்டது. நட்ட செடிகள் மண்ணோடு சரிந்து தண்டவாளத்தின் ஓரத்தில் வந்து கிடந்தன.

"கல்லு நிக்காது மாஸ்டர். மரத்தால கரை கட்டினாத்தான் பாத்தி நிக்கும்" என்றான்.

தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து தேய்ந்து, ஆகாது என்று கழித்துப்போட்ட சிலிப்பர் கட்டைகள் கொட்டகைப் பக்கம் குவிந்து கிடந்தன. மாஸ்டர் மேலிடத்தில் கேட்டு வாங்கித் தந்தார். மருதப்பன் ஆப்படித்துப் பிளந்து, பலகையாகச் சீவி, சரிவில் பள்ளம் பறித்து நட்டு நிறுத்தினான். உள்ளே செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் நிரப்பிப் பட்டுரோஜா ஊன்றினான். திண்ணைப் பள்ளிக்கூடம், பெரிய பள்ளிக்கூடம் என்று பெரிதாக ஒன்றும் படிக்கவில்லையென்றாலும் ஊர்ப்பேரை எழுதுகிற அளவுக்கு எழுத்து தெரியும். 'ச' எழுந்தது. 'ங்' எழுந்தது. பலகை வளையாததால் ஒவ்வொரு எழுத்தும் தகரப்பெட்டி போல மூலைமூலையாக நின்றது. நின்றால் என்ன, எழுத்து எழுத்துதானே! கை ஓடிய வேகத்தில் அவன் ஒன்றை மட்டும் பார்க்க மறந்துபோனான். மேடு எவ்வளவு நீளம் என்று அளக்கவில்லை. 'சங்கரன்' என்று முடித்து இடுப்பை நிமிர்த்தினால், எதிரே ஓடைப்பாலம் வந்துவிட்டது. 'கோவில்' எழுத ஒரு முழம் இடம் இல்லை.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு.

மறுநாளிலிருந்து மருதப்பன் பாடு பெரும்பாடாகிவிட்டது. "யாரு வே சங்கரன்? ஸ்டேஷனை எழுதி வாங்கிட்டீரோ?" என்று ஜன்னலுக்கு ஜன்னல் குரல் வந்தது. என்ஜின் டிரைவரே, "ஏ சங்கரா, மணியை அடியப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தார். மருதப்பன் என்ற பெயரே ஸ்டேஷனில் இல்லாமல் போயிற்று. அவனுக்கு அதில் வருத்தமில்லை. கூப்பிட்டவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டான்.

வருத்தம் வேறொருத்திக்கு. ஸ்டேஷன் வாசலில் விறகுக்கடை வைத்திருந்த துரைப்பாண்டியின் மகள், வண்டிக்கு வண்டி வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள். பெயர் கோமதித்தாய். சங்கரன் சாமியும் கோமதி அம்மனும் ஒரே கோயிலுக்குள் குடியிருக்கிற ஊர், கேட்கவா வேண்டும்? கடலை விற்கிற சுந்தரம்மாள்தான் தொடங்கிவைத்தாள். "ஏட்டி கோமதி, உன் சங்கரன் மணி அடிக்கப் போறாரு, ஓடு, ஓடு!" பிளாட்பாரமே கொல்லென்று சிரித்தது.

ஒருநாள் வண்டி போனதும் கோமதித்தாய் வெள்ளரிப்பிஞ்சுப் பெட்டியைத் தொம்மென்று கீழே வைத்துவிட்டு நேரே அவனிடம் வந்தாள்.

"போர்ட்டரே, அந்தப் பேரை மிச்சத்தையும் எழுதி முடியும். என் மானம் போகுது."

"இடம் இல்லையே பிள்ள."

"இடம் இல்லாட்டி எழுத்தைச் சிறுசாக்கும். உம்ம 'ச'வுக்குள்ள ஒரு குடும்பமே படுத்து எந்திரிக்கலாம். எழுத்தா அது? ஆட்டுப்பட்டி!"

"சிறுசாக்கினா வளைவெல்லாம் வரணும். பலகை வளைய மாட்டேங்குதே, நான் என்ன செய்யட்டும்?"

"ஆட்டுக்கு வட்டமாப் பட்டி போட்டதே இல்லையா நீரு? பலகையை வச்சா போட்டீரு? கம்பு கம்பா நட்டுத்தானே போட்டீரு?"

மருதப்பன் நெற்றியில் அறைந்துகொண்டான். பிறந்ததிலிருந்து பட்டி போட்டவன் அவன். காக்கிச் சட்டை போட்டதும் அது மறந்தா போகும்! அவன் விழித்த விழியைப் பார்த்து, கோபமாக வந்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கருவேலங்கம்பு துரைப்பாண்டியின் கடையில்தான் கிடைத்தது. மணிக்கட்டுப் பருமனில் கோணலில்லாத கம்பாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தான் மருதப்பன்.

"என்ன வே, ஒவ்வொரு விறகாத் தூக்கித் தூக்கிப் பாக்கீரு? பொண்ணு பாக்க வந்தவர் மாதிரி!" என்றார் துரைப்பாண்டி. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். உள்ளே வெள்ளரிப்பிஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து பெட்டி நழுவிப் பிஞ்செல்லாம் உருண்டு வெளியே வந்தது.

கம்புகளை முழங்கை நீளத்துக்கு நறுக்கி, நுனியைச் சீவி, கரையான் அரிக்காமல் இருக்கத் தீயில் வாட்டினான். பழைய பலகைகளைப் பிடுங்கிவிட்டு, கயிறு போட்டு எழுத்தின் வளைவைக் குறித்துக்கொண்டு, கம்புகளை நெருக்கி நெருக்கி அடித்து இறக்கினான். ஆனால் மேட்டில் நிற்கிறவனுக்கு எழுத்தின் கோணல் தெரியாது. எதிரிலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். சாயங்கால வண்டி போனபிறகு அந்த வேலையைக் கோமதித்தாய் தானாகவே எடுத்துக்கொண்டாள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு தண்டவாளத்தைத் தாண்டிச் சத்தம் போடுவாள்.

"'கோ'வோட கொம்பு சரியுது! இன்னும் மேல, இன்னும் மேல... அங்கனதான், அடியும்!"

கடைசியில் 'ல'வை முடித்துவிட்டு அவன் கையைத் தட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தான்.

"எங்க இறங்குதீரு? புள்ளி எங்க? 'கோவில'ன்னுல்லா நிக்கு!"

மருதப்பன் திரும்ப ஏறி, சின்னதாக ஒரு வட்டம் அடித்து, நடுவில் ஒற்றைச் செடியை ஊன்றினான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் வந்து இறங்கியபோது ஊரின் பெயர் முழுசாக, சிவப்பாகப் பூத்து நின்றது. "சங்கரன்கோவில்!" என்று குழந்தைகள் எழுத்துக்கூட்டிக் கத்தின. மாஸ்டர் தானே எழுதியதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

கோமதித்தாய்தான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மருதப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பிள்ள, பேருதான் முடிஞ்சுபோச்சே. இனி ஒருத்தரும் கேலி பண்ண மாட்டாவ."

"அதான்" என்றாள் அவள். "இனி ஒருத்தரும் கேலி பண்ண மாட்டாவ."

சொல்லிவிட்டுப் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஜன்னல்களைப் பார்த்து ஓடிவிட்டாள். அவள் சொன்னது மருதப்பனுக்குள் இறங்க ஒரு நிமிஷம் பிடித்தது. இறங்கியதும் மணி அடிக்க மறந்து அப்படியே நின்றான். "ஏலே, வண்டி கிளம்பணும்லா!" என்று மாஸ்டர் கத்தியபிறகு அவன் அடித்த அடியில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

வண்டி போனதும் நேரே விறகுக்கடைக்குப் போனான்.

"வாரும். இன்னும் என்ன எழுதப் போறீரு?" என்றார் துரைப்பாண்டி, கோடாலியை ஓங்கியபடி.

"எழுத ஒண்ணும் இல்ல மாமா."

கோடாலி மெதுவாகக் கீழே இறங்கியது. "என்னது? மாமாவா?"

மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டான். துரைப்பாண்டி அவனை உட்காரவைத்து எந்த ஊர், யார் மகன், தாய்வழி எது என்று விசாரித்தார். முறை சரியாக வந்தது. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி கோமதி, இவரு என்னமோ மாமாங்காரு. உனக்கு ஏதும் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்களே கேளுங்க" என்று பதில் வந்தது. அதன் பின்னாலேயே அடக்கமுடியாத ஒரு சிரிப்பும் வந்தது. துரைப்பாண்டிக்கு அது போதுமாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாஸ்டர் பந்தலில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார். சுந்தரம்மாள், இந்தக் கல்யாணத்தை முடித்துவைத்ததே தான்தான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்த காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்க்கப் போனார்கள். தண்ணீர் கம்புகளின் இடுக்கு வழியாக வடிந்து ஓட, மண் அசையாமல் நின்றது. திடீரென்று கோமதித்தாய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். 'வி'யின் கொண்டையில் பச்சையாக இலை விட்டிருந்தது. கருவேலங்கட்டோடு ஒரு பூவரசங்கம்பும் கலந்து வந்திருக்கிறது. தீயில் வாட்டியும் சாகாமல் அது வேர்பிடித்துத் துளிர்த்துவிட்டது.

"பிடுங்கவா? எழுத்து கெட்டுப்போகும்லா" என்றான் மருதப்பன்.

"தொட்டுப் பாரும், தெரியும்" என்றாள் அவள்.