நாரணாபுரத்தில் பதிவான அழுகை

என் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'நிகழ்ச்சித் தயாரிப்புப் பயிற்சியாளர்' என்று போட்டிருந்தது. பயிற்சி கொடுப்பவருக்கும் அதே சொல், பெறுபவருக்கும் அதே சொல் என்பதை அச்சடித்தவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது. நான் சேர்ந்த மூன்றாம் நாள் மகளிர் குழு ஒன்றிலிருந்து ஆறு பெண்கள் நிகழ்ச்சி செய்யக் கற்றுக்கொள்ள வந்தார்கள். அட்டையைப் பார்த்துவிட்டு என் எதிரே வரிசையாக உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்கள்.

"ஆரம்பிங்க டீச்சர்," என்றார் ஒருவர்.

நானும் கற்க வந்தவள்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. மைக்கை எப்படிப் பிடிப்பது என்று முந்தைய நாள் எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்பித்தேன். எங்கள் தயாரிப்பாளர் கதவருகே நின்று கேட்டார். அவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "மிச்சத்தையும் சொல்லிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டா தண்டனையா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டு அல்லது ஒன்பதாக இருக்கும். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி நடத்திய சிறிய வானொலி அது. சுற்றியிருந்த சில ஊர்களுக்கு மட்டும் கேட்கும். எங்கள் வீடு விருதுநகரில். அங்கே நிலையமே எடுக்காது என்பதால் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். மிளகாய் வத்தல் மண்டியில் வேலை பார்த்த அவர், தெரிந்தவர்களிடம் "ரேடியோ ரிப்பேர் படிக்குது" என்று சொல்லிவைத்திருந்தார். திருத்த முயன்று விட்டுவிட்டேன். எனக்கே சரியாக விளங்கியிருந்தால்தானே அவருக்கு விளக்க முடியும்.

ஒரு நாள் மேடம், பேசியவரின் மூச்சுச் சத்தத்தையெல்லாம் வெட்டச் சொல்வார். கம்ப்யூட்டரில் கண் வலிக்க வெட்டி வைத்தால், மறுநாள் கேட்டுவிட்டு, "இவரு மூச்சே விடாமப் பேசுறாரு, மனுசன் மாதிரியா இருக்கு?" என்பார். எந்த மூச்சு வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டால், "கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்க" என்பார். யாரைக் கேட்டு, எதைக் கேட்டு என்று அதிலும் குழப்பம்.

நான்காவது மாதம் என்னைத் தனியாக நாரணாபுரத்துக்கு அனுப்பினார். பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்களைப் பற்றிய தொடர். ஆலைக்குள் பதிவுக் கருவியைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே பேசுவதாக ஏற்பாடு. நான் பேட்டி எடுக்கப் போன அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். சரவெடி பின்னும் வேலை. அதில் அவரைப் போல வேகம் யாருக்கும் வராது என்று பக்கத்து வீட்டுப் பெண் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"வா தாயி, சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே பாயை விரித்தார். மின்விசிறி கிறீச்சிட்டது. பதிவில் விழும் என்று அதை நிறுத்தச் சொன்னேன். தகரக் கூரையின் கீழ் இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். கூட வேலை பார்ப்பவர்களுக்கு வைத்திருந்த பட்டப்பெயர்கள், மதியச் சோற்றைப் பங்கு போடுவது, தீபாவளிக்கு முந்தைய சீசனில் விரல் மரத்துப்போவது எல்லாம் சொன்னார். அதே குரலில்தான் தங்கையைப் பற்றியும் சொன்னார்.

"என் தங்கச்சியும் வேலைக்குத்தான் போனா. அவ இருந்த ஷெட்டு தீப்பிடிச்சிருச்சு. ரெண்டு பிள்ளைக. அதுகள நாந்தான் வச்சிருக்கேன். பெரியவன் நல்லா படிக்கான்."

தாளில் எழுதி வைத்திருந்த அடுத்த கேள்வி, "உங்களுக்குப் பிடித்த சமையல் என்ன?" வேறு வழியில்லாமல் அதையே கேட்டேன். அவரும் கருவாட்டுக் குழம்பு என்று சொன்னார்.

பேட்டி முடிந்ததும் அதே இடத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருக்க, அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். வெட்டி ஒட்டிய இடங்களில் அதை வைத்து நிரப்பினால் ஒட்டு தெரியாது. அதை விளக்கி, "ஒரு நிமிசம் சும்மா இருங்கக்கா" என்றேன்.

தலையாட்டிவிட்டு மடியில் கைகளை வைத்துக்கொண்டார். பத்து விநாடி கழிந்திருக்கும். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிறகு விசும்பினார். நிறுத்துவதா, வேண்டாமா? எழுந்து அவர் கையைப் பிடிப்பதா? சத்தம் போடக்கூடாது என்று சொன்னவளே நான்தானே. நிமிடம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல தாயி. விசிறியப் போடு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி போட எழுந்துவிட்டார்.

மறுநாள் மேடம் ஹெட்போனில் பதிவை முழுதாகக் கேட்டார். கடைசி நிமிடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதத் தூக்கி, 'நாந்தான் வச்சிருக்கேன்'ங்கிற எடத்துக்குப் பின்னால வை."

"அவங்க அப்ப அழலயே மேடம்."

"குரல் யாரோடது?"

"அவங்களோடதுதான்."

"அழுகை?"

"அவங்களோடதுதான்."

"பெறகென்ன?"

பெரியவன் நல்லா படிக்கான் என்பதை வெட்டினேன். அங்கே விசும்பலை வைத்தேன். ஒட்டு கொஞ்சமும் தெரியவில்லை. நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். பெருமையாக இருந்தது. ஒலிபரப்பான அன்று நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஒரு பெண் பேச முடியாமல் அழுதுவிட்டு வைத்துவிட்டாள். மேடம் என் முதுகில் தட்டினார்.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மேடத்திடம் சொல்லாமல் நாரணாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். திட்டினால் வாங்கிக்கொள்வது, மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன். அவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். விரல்களில் வெடிமருந்தின் சாம்பல் நிறம் போகவில்லை.

"அக்கா, நிகழ்ச்சி கேட்டீங்களா?"

"தெருவே கேட்டுச்சு. எங்கன போனாலும் அதே பேச்சுத்தான்."

"அதுல நீங்க அழுத எடம்..." என்று தொடங்கினேன். "அது நீங்க அங்க அழுதது இல்லக்கா. நாங்க மாத்தி வச்சிட்டோம்."

"எனக்குத் தெரியாதாக்கும். அழுதவ நாந்தானே."

அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்தார்.

"அவ செத்தன்னைக்கு நான் அழல தாயி. அவளோட சின்னவ கைப்பிள்ள. பால் கேட்டுக் கத்துது. யாரு வந்தாக, யாரு போனாக, ஒண்ணும் ஞாபகமில்ல. கூடப் பெறந்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலன்னு அவ மாமியா வீட்டாளுக இம்புட்டு வருசமும் சொல்லிக் காட்டுனாக. நேத்து அந்த மாமியாளே வந்து என் கையப் பிடிச்சிட்டு அழுதுட்டுப் போனா."

"அப்ப அன்னைக்கு, சும்மா இருக்கச் சொன்னப்ப, தங்கச்சிய நெனச்சுத்தான் அழுதீங்களா?"

"தெரியல தாயி. அவள நெனைக்கல. எதையும் நெனைக்கல. அதுவா வந்துச்சு."

மன்னிப்புக் கேட்கவா, வேண்டாமா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு தூக்குவாளியில் குழம்பு ஊற்றித் தந்துவிட்டார். பஸ்ஸில் அதைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். செய்தது தப்பு என்று திருத்தங்கல் வரை நினைத்தேன். நல்லதுதானே நடந்திருக்கிறது என்று அதற்குப் பிறகு தோன்றியது. நல்லது நடந்தால் தப்பு இல்லாமல் போய்விடுமா என்று கேட்டுக்கொண்டபோது பஸ் விருதுநகருக்கு வந்துவிட்டது.

மறுநாள் மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். வெற்றிபோல் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் அந்த மாதிரி நெனச்சு வைக்கச் சொல்லல" என்று மட்டும் சொன்னார். எந்த மாதிரி நினைத்தார் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் மேடம் அங்கேயே வேலை தருவதாகச் சொன்னார். யோசிக்க ஒரு வாரம் கேட்டேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அம்மா. அந்த வாரம் முழுவதும் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் போய் வேலையில் சேர்ந்துவிட்டேன். புது அட்டையில் 'உதவித் தயாரிப்பாளர்' என்று இருந்தது. அத்தா அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப ரிப்பேரு?" என்று கேட்டார்.