கார்பன் குடிக்கும் கல்லும் ஒரு வேப்பமரமும்

போன வாரம் செங்கம் ரோட்டில் மச்சான் ஏழுமலையின் லாட்ஜுக்குப் போயிருந்தேன். என் மனைவியின் தம்பி. நல்லவன். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான் – அதுதான் பிரச்சினையே.

வாசலில் இருக்கும் வேப்பமரத்தை வெட்டப்போகிறானாம். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். அந்த மரத்தடியில் உட்கார்ந்து காபி குடிக்கத்தான் நான் அங்கே போவதே!

"கவலப்படாதீங்க மாமா. மரம் செய்ற வேலைய இந்தக் கல்லு செஞ்சிடும்னு சார் சொல்றாரு."

சார் என்பவர் டை கட்டிய கம்பெனிக்காரர். அவர் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கல். தலை உருண்டை, உடம்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டை.

"கடல் சிப்பி எப்படி ஓடு கட்டுதுனு பாத்து செஞ்சது சார். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்து, உள்ளேயே சுண்ணாம்பா மாத்தி வெச்சுக்கும். வெளியவே வராது."

இயற்கையிடம் கற்றது என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாகிவிடும். ஆராய்ச்சி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அசலை வெட்டிவிட்டு நகலை வைக்கச் சொல்கிறாரே... எப்படி நம்புவது?

"எத்தனை மரத்துக்குச் சமம்?"

"ஒரு மரத்துக்கு சார்."

"வேப்பமரமா, கறிவேப்பிலையா?"

சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

"வெயில்ல வெச்சா ஈரம் காஞ்சிடும், அப்புறம் இழுக்காது. நிழல்ல வைக்கணும்" என்றவர், கல்லைத் தூக்கிப் போய் அதே வேப்பமரத்தடியில் வைத்தார்! மச்சானுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மறுநாள் பௌர்ணமி. நானும் லாட்ஜிலேயே தங்கிவிட்டேன். கிரிவலக் கூட்டம் மொத்தமும் அந்த வழியாகத்தான் போகும். பாதை ஓரமாக, மரத்தடியில், உருண்டையாக ஒரு கறுப்புக் கல். எங்கள் ஊரில் அதைச் சும்மா விடுவார்களா?

பௌர்ணமி இரவு கழிந்து விடிந்ததும் பார்த்தால் விபூதிப் பட்டை, குங்குமம், எருக்கம்பூ மாலை. காற்றைச் சுத்தம் செய்ய வந்த கல்லின் முன்னால் கற்பூரப் புகை! மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி வேறு.

மரம் அறுக்க வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "சாமி இருக்கிற மரத்துல நான் கை வெக்க மாட்டேங்க" என்று மெஷினோடு கிளம்பிவிட்டார். மச்சானும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"ஓட்டையெல்லாம் விபூதி அடைச்சிடுச்சே சார்..." கம்பெனிக்காரர் மட்டும் புலம்பிக்கொண்டிருந்தார்.

கல் எவ்வளவு கார்பனைப் பிடித்ததோ, எனக்குத் தெரியாது. மரம் நிற்கிறது. அது போதும்.

விபூதியும் குங்குமமும் பக்தர்கள் வேலைதான், சத்தியமாக. மஞ்சள் துணியைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்!