பூசை நேரத்தில் அணைந்த கணினிகள்

போன ஆண்டு ஆடி மாதம், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்துக் கோவிலில் நடந்தது இது. நினைத்தால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் ஈப்போ புந்தோங்கில் இருக்கிறேன். ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை. என் அம்மா பிறந்த ரப்பர் தோட்டம் செம்பனைக் காடாகிப் பல காலம் ஆகிறது. அங்கிருந்த குடும்பங்கள் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மலிவு விலை வீடுகளுக்குப் போய்விட்டன. மிஞ்சியிருப்பது மாரியம்மன் கோவிலும், அதன் மதிலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக் கொட்டகையும்தான். வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச் செல்ல அந்தக் காலத்தில் தோட்ட நிர்வாகம் கட்டிய இடம் அது. அங்கேதான் வெள்ளிக்கிழமை மாலைகளில் தாமான் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணினி வகுப்பு நடத்துகிறேன்.

கணினிகள் எல்லாம் ஓர் அலுவலகம் கழித்துக் கட்டியவை. நான்தான் கேட்டு வாங்கி, என் காரின் பின் இருக்கையில் அடுக்கிக் கொண்டுவந்தேன். சில மாதங்கள் விண்டோஸில் ஓடின. பிறகு அந்தப் பழைய விண்டோஸுக்கு இனி பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடையாது என்று ஆகிவிட்டது. புதியதோ இந்தக் கணினிகளை ஏற்கவே மாட்டேன் என்றது. ஈப்போவில் ஒரு கடைக்காரர், "இதெல்லாம் தூக்கிப் போடுங்க லா" என்றார். நன்றாக ஓடுகிற பொருளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளம் ஒன்றைப் போடலாம் என்று முடிவு செய்தேன். எதை என்பதுதான் தலைவலி. இணையத்தில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், மற்றதையெல்லாம் திட்டவும் செய்வார்கள். நான் ஒவ்வொன்றாகப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்தேன். ஒரு லினக்ஸ் அழகாக இருந்தது, ஆனால் திறக்கும் முன் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம். பி.எஸ்.டி. என்னும் வகை கட்டுக்கோப்பாகத்தான் இருந்தது, ஆனால் எங்களிடமிருந்த வைஃபையோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் டெபியன் லினக்ஸை எளிமையான திரை அமைப்போடு போட்டேன். கணினிகள் பறந்தன. பிள்ளைகள் தமிழிலும் மலாயிலும் தட்டச்சு செய்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமை அந்த முதல் வெள்ளிக்கிழமையே போய்விட்டது.

எங்கள் வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. பூசாரி கைமணியை அடித்தால் நான் உட்பட எல்லோரும் எழுந்து கோவிலுக்குப் போய்விடுவோம். தீபாராதனை பார்த்து, திருநீறு பூசி, சுண்டலோடு திரும்பி வந்துதான் மறுபடி உட்காருவோம். அன்று திரும்பி வந்தால், எல்லாக் கணினிகளும் கடவுச்சொல் கேட்டு நின்றன. யாரோ அணைத்துப் போட்டது மாதிரி. பிள்ளைகள் சேமிக்காமல் விட்டுப்போன வேலை எல்லாம் போயிற்று. அடுத்த வெள்ளியும் அதே கதை.

நாம் இல்லாதபோது கணினி சும்மா இருக்கிறது, உறக்க நிலைக்குப் போகிறது, அங்கிருந்து எழ முடியாமல் செத்துவிடுகிறது என்று கணக்குப் போட்டேன். உறக்க நிலையையே நிறுத்தி வைத்தேன். பயனில்லை. மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கெர்னலை, அதாவது லினக்ஸின் உள்மையத்தை, பழைய பதிப்புக்கு மாற்றினேன். ஒரு கணினியில் வேறொரு லினக்ஸையே போட்டேன். அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து படுத்தது. இணையக் குழுவில் கேட்டேன். நான் போட்டதை விட்டுவிட்டுத் தங்களுக்குப் பிடித்ததைப் போடச் சொன்னார்களே தவிர, என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கோவில் செயலாளருக்கு இது வெல்லமாக இருந்தது. அந்தக் கொட்டகையில் கோவில் நாற்காலிகளையும் பந்தல் சாமான்களையும் அடுக்கி வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"பெர்சுமா சாமான்னா இப்படித்தான் லா இருக்கும், டீச்சர். காசு குடுக்காம வாங்குனா எப்படி ஓடும்? விண்டோஸ் இருந்தப்ப ஒரு நாளாச்சும் இப்படி ஆச்சா?"

ஆகவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. லினக்ஸ் போட்ட பிறகுதான் எல்லாம் தொடங்கியது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வகுப்பில் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அம்மா மட்டும்தான். கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் கணினி கிடையாது. பள்ளியில் கொடுத்த கணினித் திட்டப்பணியை இங்கேதான் செய்துகொண்டிருந்தாள். மூன்றாவது வெள்ளியன்று அவளுடைய கோப்பே கெட்டுப்போய்த் திறக்க மறுத்தது. அவள் சத்தம் போட்டு அழவில்லை. திரையைப் பார்த்தபடி, "பரவால்ல டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரமே செயலாளர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வகுப்பை மூடுவது பற்றிப் பேசப் போகிறார்களாம், நானும் வர வேண்டுமாம்.

கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை எனக்குக் கோவிலுக்குள் போகக்கூடாத நாள். பெண்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கொட்டகை மதிலுக்கு வெளியேதானே இருக்கிறது, வகுப்பை விட வேண்டாம் என்று போனேன். கைமணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து போனார்கள். நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

கோவிலில் மேளம் தொடங்கியது. குழாய் விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது. என் கண்ணெதிரே எல்லாக் கணினிகளும் ஒன்றாகக் கறுத்துப் போயின, பிறகு தாமாகவே மறுபடி கிளம்பின.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அந்த மேளத்தை மனிதர் யாரும் அடிப்பதில்லை. அது மின்சார மேளம். சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றி மணியையும் மேளத்தையும் தானே அடிக்கும். முன்பு அடித்துக்கொண்டிருந்தவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் புதிதாக வாங்கி வைத்தது. எப்போது வந்தது? நான் லினக்ஸ் போட்ட அதே வாரம். யார் கொடுத்தது? செயலாளர் குடும்பத்து உபயம். சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதியே வைத்திருக்கிறார்கள்.

பூசை முடிந்ததும் கோவில் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, அந்த ஐந்தாம் படிவப் பெண்ணை உள்ளே அனுப்பி, மேளத்தை மறுபடி போடச் சொன்னேன்.

"எதுக்கும்மா? சாமிக்கு இப்பதான தீவாரன காட்டுனேன்!" என்று பூசாரி உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"சாமிக்கு இல்ல ஐயா, கம்ப்யூட்டருக்கு!" என்றேன்.

நான் கொட்டகைக்கு ஓடியதும் சிரித்துக்கொண்டே போட்டார். கணினிகள் அணைந்தன. எல்லாம் மறுபடி கிளம்பியதும் இன்னொரு முறை போடச் சொன்னேன். மறுபடி அணைந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். கோவில் மின்பெட்டியிலிருந்து ஒரே கம்பியை இழுத்து, மேளத்துக்கும் கொட்டகைக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். மோட்டார் கிளம்பும்போது மின்சாரம் ஒரு கணம் இறங்குகிறது. கிழட்டுக் கணினிகள் அதைத் தாங்கவில்லை. விண்டோஸ் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கோவில் தலைவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிள்ளைகளின் தாய்மார்கள் சிலரும் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் முகம் சுருங்கிப் போயிற்று.

"எல்லாரும் பூசையில இருக்கும்போது நீங்க மட்டும் எப்படிப் பாத்தீங்க?" என்றார்.

"நான் பூசைக்கு வரல, அண்ணே."

"ஏன் வரல?"

சும்மா விட்டிருக்கலாம். தெரிந்துதான் கேட்டார். அத்தனை ஆண்கள் முன்னால் நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னேன்.

"அப்ப அந்த நாளுல கோவில் எடத்துல வந்து ஒக்காந்திருக்கீங்க," என்றார் அவர், தலைவரைப் பார்த்து. "பாத்தீங்களா தலைவரே? ஆத்தா கோவிச்சுக்காம என்ன செய்வா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மின்கம்பியைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது. இத்தனை வாரம் லினக்ஸ் குற்றவாளி. அது இல்லை என்று நிரூபித்ததும் நான் குற்றவாளி. நான் தீட்டு இல்லாமல் உள்ளே போய்க் கும்பிட்டுக்கொண்டிருந்த எல்லா வெள்ளிக்கிழமையும் கணினிகள் அணைந்தனவே, அப்போது ஆத்தாளுக்கு யார் மேல் கோபம்? இதைக் கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அப்போது பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் அம்மா எழுந்தார். தொழிற்சாலைச் சீருடையிலேயே நேராக வந்திருந்தார். எனக்கும் அவருக்கும் அதுவரை வணக்கம் சொல்லும் பழக்கம் மட்டும்தான்.

"அண்ணே, அது பிள்ளக் கொட்டாய். எங்கம்மா என்னைய அங்க போட்டுட்டுத்தான் ரப்பர் பால் வெட்டப் போனாங்க. உங்கம்மாவும் அப்படித்தான் போனாங்க. அந்த நாளு, இந்த நாளுன்னு ஆள் கணக்கெடுக்குற எந்தக் கிராணியாச்சும் ஊட்டுல இருக்கச் சொன்னானா? எல்லா நாளும் மரம் வெட்டுனாங்க, எல்லா நாளும் அங்க வந்து நமக்குப் பால் குடுத்தாங்க. அந்தச் சம்பளத்துல புடிச்ச காசுலதான் இந்தக் கோவிலக் கட்டுனாங்க. இப்ப டீச்சர் வந்து ஒக்காந்தது தப்பா? என் மவளுக்கு வேற எடமில்ல. நீங்க கம்பிய மாத்துங்க, போதும்."

தலைவர் "வயர்மேனக் கூப்புடுங்க. கொட்டாய்க்குத் தனி லைன் இழுக்கட்டும்" என்றார். வகுப்பை மூடும் பேச்சு அதோடு முடிந்தது.

அந்தப் பெண் திட்டப்பணியை முதலிலிருந்து மறுபடி செய்து, தவணைக்குள் ஒப்படைத்தாள். தனிக் கம்பி வந்த பிறகு ஒரு கணினிகூடப் பூசை நேரத்தில் அணைந்ததில்லை. செயலாளர் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் அந்தக் கூட்டத்தில் நான் நின்ற நிலை எனக்கு மறந்துவிடாது.

காரணத்தைத் தேடச் சோம்பல்படுகிறவர்களுக்குப் பழி போட ஏதாவது ஒன்று வேண்டும், அது இலவசமாகக் கிடைத்த லினக்ஸாக இருந்தாலும் சரி, தனியாக வந்து நிற்கும் பெண்ணாக இருந்தாலும் சரி என்பதை அன்று பட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை வந்தால் எந்த நாள் என்று பார்க்காமல் கொட்டகைக்குப் போகிறேன், ஏன் வந்தாய் என்று என்னைக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வருவதில்லை.