வடக்குச் சரிவில் படர்ந்த பாசி

போன வாரம் எங்கள் தெருவே என்னை ஒரு மாதிரி பார்த்தது. தென்காசியில் சாரல் தொடங்கி நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. காலையில் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டு போர்ட்டிகோவின் மேல் அழகுக்காகச் சரிவாக ஓடு ஒட்டியிருக்கிறார்கள். அதில் படர்ந்த பாசியைக் கழுவ ஒருவர் மேலே ஏறி, மோட்டார் வைத்த குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். காலில் ரப்பர் செருப்பு. இடுப்பில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் நெடி தெருமுனை வரை அடித்தது. என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பால் பாக்கெட் கையிலிருந்து விழ, "எறங்குங்க! மொதல்ல கீழ எறங்குங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் மிரண்டுபோய் இறங்கிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்ன சார், ஒங்களுக்கு என்ன வந்தது?" என்றார். உடைந்த பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.காம் முடித்த கையோடு குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மானேஜராகச் சேர்ந்திருந்தேன். மானேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எட்டு அறைகள், ஒரு சமையல்காரர், நான். ஆனாலும் சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டு நடந்தால் அந்தச் சத்தத்தில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிடும். மாடியோடு கூடிய பழைய ஓட்டுக் கட்டடம் அது. தெற்கே ஒரு பெரிய மாமரம். வடக்கே மலை. அந்த வடக்குச் சரிவில் வெயில் படுவதே அபூர்வம். அதனால் அங்கே பாசி மெத்தை போட்டதுபோல் கிடக்கும். மழைத்தண்ணீர் அதில் தேங்கி, ஓட்டு இடுக்கு வழியே அறைக்குள் ஒழுகும்.

பாசி என்றால் பச்சையாக வழுக்குவது மட்டும் இல்லை. சாம்பலும் வெள்ளையுமாக வட்ட வட்டமாக ஓட்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் இன்னொன்றும் உண்டு. ஓட்டில் பாசி சுரண்ட வரும் மாடசாமி அதைத் தேமல் என்பார். மனுசத் தோலில் வருகிற தேமல் மாதிரியே இருக்கும். சால்னாவில் போடும் கல்பாசி இதற்கு ஒன்றுவிட்ட உறவு என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து புரோட்டாக் கடையில் அந்த வாசனை வந்தால் எனக்கு ஒரு வாய் குறைவாகத்தான் இறங்கும்.

மாடசாமிக்கு ஆய்க்குடிப் பக்கம். நாற்பதைத் தாண்டியவர். கூடவே மனைவி பேச்சியம்மாவும் வருவார். மே மாதக் கடைசி வெயிலில் இரண்டு பேரும் வந்து, சாரலுக்கு முன்னால் ஓட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். காய்ந்த பாசியை மாடசாமி கூரை முகட்டிலிருந்து கீழ்நோக்கிச் சுரண்டுவார். ஒருபோதும் கீழிருந்து மேலே தேய்க்க மாட்டார். தேய்த்தால் ஓட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறி மரச்சட்டம் உளுத்துவிடும். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிடுவார். கடைசியாகப் பழைய மோட்டார் காயிலிலிருந்து உருவிய செம்புக் கம்பியை முகட்டோட்டுக்கு அடியில் நீளமாக ஓடவிடுவார். அதைத் தொட்டு வழியும் மழைத்தண்ணீர் பட்ட இடத்தில் பாசி சீக்கிரம் பிடிக்காது.

அவர் இடுப்பில் கட்டிய கயிறு முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். அங்கே பேச்சியம்மா அதை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருப்பார். ஒரு இழுப்பு இழுத்தால் கயிறு விடவேண்டும், இரண்டு இழுப்பு இழுத்தால் இறுக்கவேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வேலை நடக்கும்.

அந்த வருடம் சாரல் முந்திக்கொண்டது. மூன்று பக்கம் முடிந்து வடக்குச் சரிவு மட்டும் பாக்கி. மத்தியானம் மூன்று மணி இருக்கும். சாரலில் மலை மறைந்தது. மாடசாமி கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் மதுரையிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வருகிறது. வடக்கு அறைகள் நான்கும் அவர்களுக்குத்தான். காலையில்தான் முதலாளி போனில், "வடக்கு ரூம் ஒழுகுச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிரலாம்லே" என்று சொல்லியிருந்தார்.

"இன்னைக்கே முடிச்சிரணும்" என்றேன்.

"தண்ணி பட்ட பாசிமேல கால் வைக்க முடியாது சார். ரெண்டு நாள் வெயிலடிக்கட்டும், வாரேன்."

"சாரல்ல ஏதுவே வெயிலு? பயமா இருக்குன்னு சொல்லும்."

என்னைவிட இருபது வயது மூத்தவரை 'வே' போட்டுப் பேசினேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

மாடசாமி கோபப்படவில்லை. "பயந்தான் சார்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டார். அந்த அமைதிதான் என்னைக் கிளப்பிவிட்டது. சுரண்டுகிற இரும்பை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வடக்குச் சுவரில் சாத்தியிருந்த மூங்கில் ஏணியில் ஏறினேன். "சார், வேண்டாம். சார்!" என்று அவர் சொன்னது கேட்டது. கேட்காததுபோல் ஏறினேன்.

ஓட்டில் இரண்டாவது அடி வைத்தேன். அவ்வளவுதான். கால் தனியாகப் போனது. நெஞ்சு ஓட்டில் அடித்து, வயிறு தேயச் சறுக்கினேன். என் கால் பட்டு ஏணி சரிந்து கீழே கல் ஓடைக்குள் விழும் சத்தம் கேட்டது. மழைத்தண்ணீர் வடிய ஓட்டு நுனியில் கட்டியிருந்த தகரத்தில் கால் விரல்கள் முட்டி, அங்கே நின்றேன். தகரம் மெதுவாக வளைந்துகொண்டிருந்தது. அதை விரலால் உணர முடிந்தது. நகக்கண்ணெல்லாம் பாசி. பிடிக்க ஒன்றும் இல்லை. பிடித்தால் அது கையோடு வந்தது.

"அசையாதிய." மாடசாமியின் குரல் கீழேயிருந்து வந்தது. "கீழ பாக்காதிய. மூச்சு மட்டும் விடுங்க. நான் அந்தப் பக்கமா வாரேன்."

அவர் ஓடுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. சாரல் முதுகில் விழுந்தது. நான் எங்கள் அம்மாவை நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் சாவிக்கொத்து இடுப்பில் குத்துகிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. தலைக்கு மேலே மரம் உரசும் சத்தம் கேட்டது. மாடசாமி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, தெற்கே சுவரை ஒட்டியிருந்த குளியலறையின் மொட்டைத் தளம் வழியாகச் சுத்தம் செய்த தெற்குச் சரிவில் ஏறி முகட்டைத் தாண்டி வந்திருந்தார். முகட்டில் கொக்கி மாட்டித் தொங்கவிடுகிற சின்ன மர ஏணியை என் பக்கம் இறக்கி, அதன்மேல் குப்புறப் படுத்து இறங்கினார். கால் வைக்க முடியாது என்று சொன்ன அதே பாசிமேல். ஏணி தீர்ந்துவிட்டது. அவர் கைக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு முழம்.

அவர் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார்.

"ஒங்களுக்கு?" என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் கேட்ட நல்ல கேள்வி.

"நான் ஏணியப் பிடிச்சிருக்கேன்லா. கக்கத்துக்கு அடியில மாட்டுங்க. ம், மெதுவா."

சுருக்கை மாட்டிக்கொண்டேன். அவர் கயிற்றை இரண்டு முறை சுண்டினார். மறுபக்கத்தில் பேச்சியம்மா இறுக்கினார். நான் அவரை ஒட்டி, ஏணியைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். ஊர்ந்த அளவுக்குக் கயிறு இறுகியது. ஒரு நொடிகூடத் தளரவில்லை. முகடு கைக்கு வந்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. முழங்காலை ஊன்றி எகிறினேன். முகட்டு ஓடு ஒன்று பெயர்ந்தது. அதோடு ஏணியின் கொக்கியும்.

மாடசாமி கத்தவே இல்லை. மரமும் ஓடும் உரசிக்கொண்டு போகிற சத்தம். தகரம் கிழிகிற சத்தம். பிறகு கீழே ஒரு சத்தம்.

அந்த நேரத்தில் நான் முகட்டுக்குத் தெற்கே தலையை நீட்டியிருந்தேன். கீழே பேச்சியம்மா கயிற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். தன் புருசன் தலை தெரியும் என்று பார்த்தவர் என் தலையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எந்த வார்த்தையிலும் சொல்ல மாட்டேன். ஆனால் கயிற்றை அவர் விடவில்லை. நான் தெற்குச் சரிவில் இறங்கிக் குளியலறைத் தளத்தில் கால் வைக்கிறவரை பிடித்திருந்தார். அதற்குப் பிறகுதான் வடக்குப் பக்கம் ஓடினார்.

மாடசாமிக்கு உயிர் இருந்தது. ஓடைக் கரைக் குரோட்டன்ஸ் செடிகள் பாதி உடம்பைத் தாங்கிக்கொண்டன. வலது குதிங்கால் ஓடைக் கல்லில் விழுந்து நொறுங்கிப்போயிருந்தது. சமையல்காரர் பிடித்து வந்த காரில் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "சாருக்கு ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டார்.

டாக்டர் எப்படி நடந்தது என்று விசாரித்தார். "ஓட்டுல வேல பாக்கும்போது வழுக்கிட்டாரு" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதலாளி ஒரு மணி நேரத்தில் வந்தார். "மழையில எதுக்குலே ஏறுனான்? நாம ஏறச் சொன்னமா? அவன் இஷ்டத்துக்கு ஏறி விழுந்தா நாம என்ன செய்ய முடியும்?" என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏதோ முக்கியமான விஷயம்போல சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் யாரோடோ பேச வெளியே போனார்.

பேச்சியம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்து கிடந்தன. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"கயித்துல இருக்கது நீங்கன்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனோன்னு அப்பமே பிடிச்சு ரோசன பண்ணுதேன் தம்பி. விட்டிருக்க மாட்டேன். அதனால நீங்க உள்ளதச் சொல்லுங்க."

நான் எழுந்தேன். வாசலுக்கு நடந்த அந்தப் பத்திருபது அடி, ஓட்டில் கிடந்ததைவிட நீளமாக இருந்தது. முதலாளி காருக்குப் பக்கத்தில் நின்றார். மாடசாமி ஏற மாட்டேன் என்று சொன்னதையும், நான் கேலி பேசி ஏறியதையும், அவர் தன் கயிற்றை அவிழ்த்து எனக்குத் தந்ததையும், என் முழங்கால் பட்டு ஓடு பெயர்ந்ததையும் சொன்னேன். நடுவில் முன்னது பின்னது குழம்பிவிட்டது. திரும்ப ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

முதலாளி ஆஸ்பத்திரி வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "சாவியக் குடுத்துட்டுப் போ" என்றார். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு கடைப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு எல்லா வைத்தியமும் அவர் பொறுப்பில்தான் நடந்தது. அந்த மனிதரைப் பற்றி நான் முன்னால் எழுதிய வரியை வைத்து அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள்.

எனக்குப் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பை காய்கறியோடு ஆய்க்குடிக்குப் போவேன். முதல் மூன்று முறை மாடசாமியின் முகத்தைப் பார்க்க முடியாமல் பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். நான்காவது முறை உள்ளேயிருந்து, "முருங்கக்காய் நல்லா முத்திட்டு சார், பாத்து வாங்கக்கூடாதா?" என்று குரல் வந்தது. உள்ளே போனேன்.

அவர் கால் சேரவே இல்லை. குச்சி ஊன்றி நடந்தார். மறுவருடம் மே மாதம் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "ரெண்டு பேரும் செங்கோட்டைக்கு ஓட்டு வேலைக்குப் போயிருக்காவ" என்றார். எனக்குப் புரியவில்லை. பஸ் ஏறிப் போய் விசாரித்துக்கொண்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். மாடசாமி கீழே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருந்தார். மேலே, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பேச்சியம்மா பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் கீழே இறங்குகிறவரை நான் தெருவில் தலையைக் குனிந்துகொண்டே நின்றேன்.

அப்படியே பல வருடங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தார்கள். இப்போது அந்த லாட்ஜ் இல்லை. இடித்துவிட்டு, சீசனுக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். வடக்குச் சரிவு இருந்த உயரத்தில் இப்போது வெறும் ஆகாயம்தான். முதலாளியும் காலமாகிவிட்டார். போன தை மாதம் மாடசாமியும் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கழித்து ஒரு தடவை பேச்சியம்மாவைப் பார்க்கப் போனேன். ஓடு வேய்ந்த வீடுகள் இன்னும் சில பாக்கி இருக்கின்றன, கூப்பிடத்தான் செய்கிறார்கள் என்றார். போவதில்லையாம்.

"வயசாயிட்டுல்லா" என்றேன்.

"வயசுலாம் இல்ல தம்பி. நான் மேல நிக்கும்போது அவுக கீழ இருந்து வாய் மூடாமப் பேசிக்கிட்டே இருப்பாவ. இடது பக்கம் போகாத, அது கீறல் ஓடு. மத்தியானம் என்ன கொழம்பு. மூத்தவ போன் போட்டாளா. என்னமாவது ஒண்ணு. அவுக போன பெறகு ஒரு வீட்டுல ஏறிப் பாத்தேன். சத்தமே இல்ல. அரை மணி நேரம் அங்கனயே உக்காந்திருந்துட்டு எறங்கிட்டேன்."