சாமையைப் புகழாத பெண்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று கள்ளக்குறிச்சியில் என் அரிசி மண்டியைத் தெரியாதவர் கிடையாது. அதனால்தான் வணிக நிர்வாகம் படிக்கும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடக் கல்லூரியில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பொருளைப் புகழ்ந்து பேசி விற்க வேண்டும், அதுதான் பரீட்சை.

வெள்ளிமலையிலிருந்து வந்த பெண், சாமைப் பொட்டலத்தை என் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

"இன்னாம்மா, சாமையே பேசுமா? வாய மூடிக்கினு நின்னா யாரு வாங்குவாங்க?" என்றேன். வகுப்பே சிரித்தது.

"எங்க மலையில, எங்க பொருள நாங்களே நல்லதுன்னு சொல்லமாட்டோங்க ஐயா. துன்னு பாத்துட்டு நீங்கதான் சொல்லணும்."

"அப்ப ஊருக்கெல்லாம் சோறாக்கிப் போட்டுக்கினே இரு" என்று பூஜ்யம் போட்டேன். மறுநாளிலிருந்து அவள் கல்லூரிக்கு வரவில்லை.

அடுத்த பருவத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். மலைப் பிள்ளைகளை நினைத்து, பாடம் நடத்தும் ஆசிரியர் பரீட்சையை மாற்றியிருந்தார். பொருளை வைத்தால் போதும், வாங்குபவர்தான் பேச வேண்டும்.

"அந்தப் பொண்ணு?" என்று அவரிடம் கேட்டேன்.

"ரெண்டு தடவ போயி கூப்ட்டேங்க. வரமாட்டேன்னுட்டா."

அவள் விட்டுப்போன பொட்டலம், பரீட்சையன்று நான் எடுத்து வந்தது, என் மண்டியில்தான் கிடந்தது. அன்று வீட்டில் பொங்கச் சொன்னேன். நான் விற்ற எந்தச் சாமைக்கும் அந்த ருசி இல்லை. பஸ் ஏறிப் போய் அவளிடம் இதைச் சொல்ல வேண்டும். ஊரையே பேசி மடக்கியவன், இன்னும் போகவில்லை.