கிணற்றடியைப் பிடித்த கொடி

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியானபோது நாங்களும் மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனோம். சில மாதம் கழித்துத் திரும்பி வந்து கொல்லைக் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. என் கணவர் தோளைக் கொடுத்து இடித்தார். கிணறு எங்கே என்றே தெரியவில்லை. ராட்டினச் சட்டம், வாழை, துணி உலர்த்தும் கம்பி எல்லாவற்றின் மேலும் ஒரே கொடி. கொத்துக் கொத்தாக ரோஜா நிறப் பூ.

"சீந்தில். மருந்துக்கொடி, வெட்டாதே" என்றார் நாத்தனார். கணவரின் அக்கா, எங்களோடுதான் இருந்தார்.

எனக்குச் சந்தேகம். சீந்தில் தண்டு சொரசொரக்கும். பூ இருப்பதே தெரியாது. இதன் இலையோ சுருக்கம் விழுந்திருந்தது. பூங்கொத்தின் நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்திருந்தது. அடையாறு பங்களா வாசல்களில் பார்த்த கொடி ரோஸ் இது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் அரிவாளால் வெட்டிக் குவித்துக் கொளுத்தினார். அடுத்த மழையில் வெட்டின இடமெல்லாம் தளிர், முன்னைவிட அடர்த்தியாக.

"விட்டுடேன், அழகாத்தானே இருக்கு" என்றார் கணவர்.

எனக்கு அந்த மண் வேண்டும். ரேஷன் அரிசி போதவில்லை. காய்கறி தொட முடியாத விலை. கத்தரியும் கீரையும் போட்டே தீருவது என்று கடப்பாரையை எடுத்தேன். தளிரைப் பிடித்துக்கொண்டே தோண்டினால் சேப்பங்கிழங்கு மாதிரி கிழங்குகள்; ஆழத்தில் இன்னும் பெரிதாக, கயிறு கயிறாகக் கோத்துக்கொண்டு. ஒடிந்த துண்டும் முளைத்தது. அந்தக் கிழங்குக் கயிறு மதில் சுவருக்கு அடியில் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

பக்கத்து வீட்டில் மெத்தை தைக்கும் பாயின் குடும்பம். நாங்கள் இல்லாதபோது எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டது அவருடைய மனைவிதான். சுவரோரம் நின்று கேட்டேன்.

"அக்கா, உங்க பக்கமும் கிழங்கோட எடுக்கணும். இல்லேன்னா போகாது."

"வேணாம் தங்கச்சி! ஆட்டுக்கு இன்னா போடுவேன்? புல்லு கிடைக்கலே, புண்ணாக்கு கிடைக்கலே. இந்தக் கொடிதான் கீது. என் பொண்ணு பிள்ளை பெத்துட்டு படுத்துகினு கீறா. ஆட்டுப்பால்தான் அவளுக்கு."

திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பக்கத்துக் கிழங்கு இருக்கும்வரை நான் தோண்டுவது வீண். அடுப்படியில் நின்றாலும் அதே யோசனை. மறுபடி போனேன்.

"ஆட்டை எங்க கொல்லையிலே கட்டுங்க. தழையெல்லாம் அது தின்னட்டும். தின்ன இடத்தை நான் தோண்டறேன். உங்க சுவரோரம் அகத்தி நட்டுத் தரேன். அது வளந்தப்புறம் கிழங்கை எடுக்க விடுங்க."

அவர் சிரித்தார். "உன் வாழையைத் தின்னா?"

"தின்னட்டும்."

நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை. "கிணத்தடியிலே ஆட்டுப் புழுக்கையா?" என்றவர் அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆடு தின்றது, நான் தோண்டினேன். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு தோண்டினேன். ஒரு நாள் மத்தியானம் இடுப்பு நிமிரவில்லை, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் கூடை வைக்கும் சத்தம். நாத்தனார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் குனிந்திருந்தார்.

"இந்தத் துண்டை விட்டுட்டியே" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பொறுக்கிய கிழங்கை மொட்டைமாடியில் சுருங்கக் காயவைத்து எரித்தோம். நிழலில் விட்டுவைத்த ஒரு குவியல் அங்கேயே முளைத்துத் தொலைத்தது, அதையும் எரித்தோம். அகத்தி ஆளுயரம் வந்ததும் பாயின் மனைவி தானே கடப்பாரை பிடித்தார். அவருடைய பெண் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அந்தத் தை மாதம் கத்தரி காய்த்தது. முதல் காய்களை இரண்டு வீடும் பங்கிட்டுக்கொண்டோம்.

சுவருக்கு அடியில் மாட்டிக்கொண்ட கிழங்கை மட்டும் எடுக்க முடியவில்லை. அந்த வீட்டில் இருந்தவரை ஒவ்வொரு மழைக்கும் அங்கே தளிர் வரும். விரல் நீளம் வளர்வதற்குள் கிள்ளிவிடுவேன்.